சேறு கலங்காமல்

எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் ஏழு வீட்டுக்கு வாடை போகும். பத்து பெரண்டாம் என்கிற எங்கள் ஊரில் வரிசை வீடுகளை அப்படித்தான் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே பக்கத்து வீட்டு நல்லமுத்து அண்ணன் மகன் குகன் தண்ணீருக்கடியில் மூழ்கப் படிக்கிறான் என்பது எனக்குத் தெரிந்துபோனதில் என் குற்றம் எதுவும் இல்லை. சொட்டச் சொட்டக் கறுப்பு ரப்பர் சட்டையை என் துணிக்கொடிக்கு ஓர் அடி தள்ளிக் காயப்போட்டால் எவள்தான் கேட்கமாட்டாள்?

கேட்டேன்.

"ஸ்கூபா அத்தே" என்றான்.

முப்பத்தாறு வயது. ஃபேக்டரியில் மெஷின் பழுது பார்க்கிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்கான காரணம் தாமான் முழுக்கத் தெரியும். அவன் மூழ்கப் படித்ததற்கும் அதே காரணம்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன்பு, செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. நாங்கள் எல்லாரும் தோட்டத்தை விட்டு டவுன் பக்கம் வந்துவிட்டிருந்தாலும் திருவிழாவுக்கு அங்கேதான் போவோம். அந்த வருஷம் நல்லமுத்து அண்ணன் கரகம் எடுத்தார். கரகத்தின் முன்பக்கம் அம்மனின் வெள்ளி முகம் கட்டியிருக்கும். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. கடைசி நாள் கரகத்தைத் தோட்டத்துக் குளத்தில் கரைப்பார்கள். பூசாரி கரையிலேயே முகத்தை அவிழ்த்துக்கொண்ட பிறகுதான் கரகம் தண்ணீருக்குள் போகும். அன்றைக்கு அண்ணனுக்கு அருள் முற்றிவிட்டது. பூசாரி முடிச்சில் கை வைப்பதற்குள் குளத்துக்குள் ஓடினார், ஆழத்துக்குப் போய்விட்டார், மூழ்கி எழுந்தார். வேப்பிலை மிதந்தது, பூ மிதந்தது, செம்பு அவர் கையோடு வந்தது. முகம் இல்லை.

பத்துப் பேர் இறங்கி இருட்டும்வரை காலால் துழாவினார்கள். கிடைக்கவில்லை. அப்போது கோயில் தலைவர் கந்தசாமி கரையில் நின்றபடி ஒன்று கேட்டார்:

"குளம் முழுங்குச்சா, வேட்டி முழுங்குச்சா?"

நல்லமுத்து அண்ணனைக் கேட்டால் "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லயே" என்றார். அருள் வந்தவருக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? ஞாபகம் இருந்தால் அருள் பொய். அருள் உண்மை என்றால் அம்மனே தன் முகத்தைத் தூக்கி எறிந்தாள் என்று ஆகும்; அதை ஒப்புக்கொள்ள யாருக்கு மனசு வரும்? ஆகவே திருட்டு என்று வைத்துக்கொண்டோம். அது எல்லாருக்கும் சுலபமாக இருந்தது.

அதற்காகத் திருடன் என்று யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடவில்லை. நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. அவர் கோயிலுக்குள் வந்தால் பூசாரி உண்டியல் பக்கமாக நகர்ந்து நிற்பார். விளக்குத் தேய்க்கிற பெண்கள் விளக்குகளைக் கொஞ்சம் கிட்டே இழுத்து வைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் அவரே வருவதை நிறுத்திக்கொண்டார். குகனுக்கு மூவார் ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வந்தவர்கள் கேசரி சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், போனார்கள், பிறகு பேச்சு மூச்சு இல்லை. அந்த வீட்டாருக்குப் போன் செய்தது நான் இல்லை. அவர்கள்தான் எனக்குப் போன் செய்தார்கள். கேட்டார்கள், தெரிந்ததைச் சொன்னேன்.

இப்போது தோட்டத்தை வீடு கட்டுகிற கம்பெனிக்கு விற்றாகிவிட்டது. அம்மனுக்கு எங்கள் பக்கம் புதுக்கோயில் எழும்பிவிட்டது. குளத்தை மாதக் கடைசியில் மண் போட்டு மூடுகிறார்கள் என்று சேதி வந்தது. குகன் நேரே தலைவர் வீட்டுக்குப் போய், "மூடுறதுக்கு முன்ன நான் ஒரு தடவ எறங்கிப் பாக்கறேன்" என்று கேட்டிருக்கிறான்.

கந்தசாமி சம்மதித்தார். இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, அம்மன் விஷயம், வீடியோ எடுக்கக்கூடாது. இரண்டாவது, கரகம் கரைத்த தண்ணீரில் நம் ஆள்தான் இறங்கவேண்டும். குகனுக்கு ஸ்கூபா சொல்லிக் கொடுத்த ரியாஸ் தமிழ் முஸ்லிம் பிள்ளை. பாச்சாங்கில் ஸ்கூபா சாமான் கடை வைத்திருக்கிறான். "தனியா எறங்கக்கூடாது, நானும் வர்றேன்" என்று அவன் பிடிவாதமாக நின்றான்.

"தம்பி கோவிச்சுக்காத லா" என்றார் கந்தசாமி. "கரையில நின்னு கயித்தப் புடிச்சிக்க. போதும்."

மாத ஆரம்பத்தில் ஒரு ஞாயிறு. நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். நான் குடையும், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் நாலும் கொண்டுபோயிருந்தேன். குகன் இறங்கினான். இரண்டாவது நிமிஷமே தண்ணீர் கலங்கியது. அடியில் ஏதோ எருமை புரண்டது போலக் கரைவரை சேறு பொங்கி வந்தது. முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தான் பாருங்கள், தலையிலிருந்து கால்வரை சேறு. காதில் சேறு, கண்ணாடியில் சேறு, முதுகுச் சிலிண்டரில் ஒரு முழப் பாசி. கையில் ஒன்றும் இல்லை. எங்களுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"பாவம், எப்படிப் பாடுபட்டிருக்கான்" என்றாள் என் பக்கத்தில் நின்றவள். கந்தசாமியே தன் துண்டை எடுத்துக் கொடுத்தார். நான் ஒரு பொட்டலம் கொடுத்தேன். பதினோரு வருஷத்தில் அந்தக் குடும்பத்தோடு நாங்கள் அத்தனை அன்பாக இருந்த நாள் அது ஒன்றுதான்.

ரியாஸ் மட்டும் கோபமாக இருந்தான். மறுநாள் சாயங்காலம் குகன் வீட்டுப் பின்கட்டில் நின்று அவன் போட்ட சத்தம், நான் துணி எடுக்கப் போனபோது காதில் விழுந்தது.

"நீ போட்டது கடல் வெயிட்டு, ப்ரோ. கடல்ல உப்பு உன்னத் தூக்கும். குளத்துல எது தூக்கும்? ஈயத்தக் கட்டிக்கிட்டு நேராப் போய் சேத்துல குந்திட்ட. அப்புறம் கால ஒதைக்கிற. ஒரு ஒதை போதும் லா, தண்ணி கலங்கித் தே தாரிக் டீ மாரி ஆயிடும், கையில புடிச்சிருக்கற லைட்டு கூடத் தெரியாது. நீ தேடல, கலக்குன."

"இப்ப என்னா செய்யச் சொல்ற?"

"அன்னிக்கே சொன்னேன்ல? பொயன்சி கோர்ஸ எடு. எத்தன ஈயம் வேணும்னு கணக்காப் பாக்கறது, மூச்சாலேயே ஒரு சாண் மேல ஒரு சாண் கீழ போறது, ஒரே எடத்துல தொங்கறது. ரெண்டு வாரம் ஸ்விம்மிங் பூல்ல, அப்புறம் ஒரு நாள் தியோமான் தீவுல. சேத்துக்கு ஒரு சாண் மேல, சேத்தத் தொடாம போவ."

எனக்குப் பொறுக்கவில்லை. சுவருக்கு மேலே தலையை நீட்டினேன். "ஏம்பா, மூழ்கத் தெரிஞ்சவனுக்கு மறுபடியும் மிதக்கச் சொல்லித் தர்றதா? நல்ல வியாபாரம் லா உனக்கு."

"மூழ்கறதுக்கு என்னா ஆன்டி, கல்லு கூட மூழ்கும்" என்றான். "நடுவுல நிக்கறதுதான் கஷ்டம்."

அந்த வாரம் முழுக்க எங்கள் வரிசையில் அதே பேச்சுதான். கோர்ஸ் எடுப்பது புத்தியா, புத்தியில்லையா? கோடி வீட்டு இராஜரட்ணம் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், ரிட்டையர் ஆகியும் பேனாவைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காதவர், "சேர்ட்டிபிக்கேட் தருவினமோ? தந்தால் எடுக்கச் சொல்லு. தராட்டி என்னத்துக்கு?" என்றார். கார்டு கொடுப்பார்கள் என்று சொன்னதும் சமாதானமாகிவிட்டார். சும்மா தண்ணீரில் உட்கார்ந்திருக்க ஒரு படிப்பா என்று மற்றவர்கள் சிரித்தார்கள். மறுபடி உடனே இறங்கி இன்னும் நன்றாகத் துழாவட்டும் என்பது என் கட்சி.

கந்தசாமிக்கு வேறு கணக்கு. "மூணு வாரம் எதுக்கு?" என்றார் பசாரில் என்னைப் பார்த்தபோது. "பத்தர் கிட்ட ஆர்டர் குடுத்துட்டுக் காத்திருக்கானா?"

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. ரொம்ப வேண்டிய நாலு பேரைத் தவிர.

குகன் கோர்ஸ் எடுத்தான். வேலை முடிந்து நீச்சல் குளத்துக்குப் போனான். வீட்டில் இருக்கும் நேரம், ஹாலில் முக்காலிமேல் குப்புறப் படுத்துக்கொண்டு தவளை மாதிரி காலை மடக்கி மடக்கி நீட்டுவான். ஜன்னல் திறந்திருந்தால் தெரியும். நல்லமுத்து அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். எழுபத்திரண்டு வயது மனுஷன், பரீட்சைக்கு மகனை அனுப்புகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டு.

"கெடச்சுச்சுன்னா நல்லாக் கழுவிட்டுக் கொண்டாடா" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. "அம்மாவ சேத்தோட நாலு பேருக்குக் காட்டக்கூடாது."

"சரிப்பா."

"புதுக்கோயில் தெறக்கற அன்னிக்கு நான் முன்வாசல் வழியாப் போவணும்."

"போவீங்கப்பா."

தியோமானிலிருந்து திரும்பியவனிடம் கோர்ஸ் எப்படி என்று கேட்டேன். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்றைக்குப் பேசினான். ஆறு ஈயத்துண்டு கட்டிக்கொண்டிருந்தவனை ரியாஸ் நாலுக்கு இறக்கிவிட்டானாம், குளத்துக்கு மூன்றே போதுமாம். மூச்சை இழுத்தால் உடனே மேலே போகாதாம். இரண்டு விநாடி கழித்துத்தான் உடம்புக்குத் தெரியுமாம். அந்த இரண்டு விநாடி அவசரப்படாமல் இருக்கக் கற்றுக்கொள்வதுதான் முழுக் கோர்ஸும் என்றான். "மணலுக்கு மேல இவ்ளோ ஒசரத்துல நின்னேன் அத்தே" என்று கையைக் காட்டினான். "ஒரு தூசு எழும்பல. சின்ன மீனு ஒண்ணு என் வயித்துக்குக் கீழ வந்து நின்னுச்சு." சொல்லும்போது அவன் முகத்தை நான் முதல்முறை பார்ப்பது போல இருந்தது.

குளத்தை மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு, மறுபடி ஞாயிறு. மண் லாரிகள் ஏற்கெனவே வந்து வரிசையாக நின்றன. கூட்டம் போன தடவையைவிட அதிகம். நல்லமுத்து அண்ணன் புதுவேட்டி கட்டிக் கரையில் நின்றார். ரியாஸ் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். உலோகத்தின் கிட்டே போனால் கையில் அதிரும் குச்சி ஒன்றை இரவல் வாங்கிக் குகனிடம் கொடுத்திருந்தான். குகன் சத்தமில்லாமல் இறங்கினான்.

உண்மையைச் சொன்னால், பார்க்க ஒன்றுமே இல்லை. தண்ணீர் அப்படியே கிடந்தது. குமிழி மட்டும் நேர்க்கோட்டில் அந்தக் கரைக்குப் போனது, திரும்பி வந்தது, ஒரு முழம் தள்ளி மறுபடி போனது. நான் கறிபாப் பலகாரப் பொட்டலத்தைப் பிரிக்கலாமா என்று யோசிக்கும்போது குமிழி ஓரிடத்தில் நின்றுவிட்டது. அங்கே மட்டும் ஒரு தட்டு அகலத்துக்குத் தண்ணீர் லேசாகப் பழுப்பாகி, பிறகு தெளிந்தது. ரியாஸ் கயிற்றைப் பார்த்துச் சிரித்தான்.

இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. குகன் எழுந்து வந்தான். கறுப்புச் சட்டை கடையிலிருந்து இப்போதுதான் வாங்கியது போல மின்னியது. வலது கையில் வெள்ளி முகம். வெள்ளி என்று சொல்லத்தான் முடியும். கரி மாதிரி கறுத்திருந்தது. ஆனால் கண், மூக்கு, மூக்குத்தி எல்லாம் துலக்கமாக, சுத்தமாக. கந்தசாமி துண்டை விரித்து நீட்டினார். குகன் அவரைத் தாண்டிப் போய் அப்பா கையில் வைத்தான். அண்ணன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்போதுதான் நான் கேட்டேன்.

"என்னாப்பா குகா, ஒரு பொட்டு சேறு கூட ஒட்டல?"

சத்தியமாக ஆச்சரியத்தில்தான் கேட்டேன். எனக்கு ஆச்சரியம் கொஞ்சம் சத்தமாக வரும்.

குகன் சிரித்தான். "அதுக்குத்தான அத்தே கோர்ஸ் எடுத்தேன்."

அவன் சிரிப்பு முடிவதற்குள் கந்தசாமி முகத்தை அண்ணன் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுலயும் சேறு இல்ல."

"கழுவிட்டுத்தான் கொண்டாந்தேன். அம்மாவ சேத்தோட காட்டக்கூடாதுன்னு அப்பா சொன்னாரு."

"தண்ணிக்குள்ளயே கழுவிட்ட."

"ஆமா."

"பதினோரு வருஷத்துச் சேத்த."

"மூக்குப் பக்கம் மட்டும் பல்லு தேய்க்கிற பிரஷ்ஷால..." என்று குகன் பையிலிருந்து ஒரு சின்ன பிரஷை எடுத்துக் காட்டினான். அதைக் காட்டியிருக்கக்கூடாது. எல்லாம் தயாராகத்தான் வந்திருக்கிறான் என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள்.

"வெள்ளி கறுத்திருக்கு பாருங்க தலைவரே" என்றான் ரியாஸ். "சேத்துல கெடந்தாத்தான் இப்படி கறுக்கும்."

"அலமாரியில கெடந்தாலும் கறுக்கும் தம்பி."

"கயிறு என் கையிலதான இருந்துச்சு? எங்க நின்னான், எங்க கைய விட்டான், எல்லாம் எனக்குத் தெரியும்."

"உன் ஸ்டூடன்ட்டு. நீ சொல்லத்தான் செய்வ."

"வீடியோ எடுக்க வேணான்னு சொன்னது யாரு?"

கந்தசாமி எங்கள் பக்கம் திரும்பினார். "போன தடவ எப்படி வந்தான், பாத்தீங்கல்ல? அது தேடுனவன் கோலம்."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. நாங்கள் எல்லாரும் போன தடவை பார்த்தவர்கள்தானே.

கூட்டம் கலைந்தது. இந்தத் தடவை யாரும் துண்டு கொடுக்கவில்லை. வண்டியில் திரும்பும்போது வாட்ஸ்அப் குரூப்பில் நான் எழுதியது ஒரே ஒரு வரி: 'முகம் கிடைத்துவிட்டது, ஆனால் குகன்மேல் சேறே இல்லை.' இரண்டும் உண்மை. வீடு வந்து சேர்வதற்குள் அது யார் யார் கையிலோ வளர்ந்து, குளத்தை மூடப்போகிறார்கள் என்றதும் பயந்துபோய், வீட்டில் ஒளித்திருந்த முகத்தை இடுப்பில் செருகிக் கொண்டுபோய்க் கொண்டுவந்தான் என்று என்னிடமே திரும்பி வந்தது. கோர்ஸ் எல்லாம் அதற்காகத்தானாம். அடியில் போய்ச் சும்மா நின்றுவிட்டு வர.

செவ்வாய்க்கிழமை லாரிகள் குளத்தில் மண்ணைக் கொட்டின. அதற்குப் பிறகு யார் போய் எதைப் பார்ப்பது?

புதன்கிழமை சாயங்காலம் நான் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் குரல்.

"எங்கிட்ட மட்டும் சொல்லு. அது எங்கடா இருந்துச்சு?"

"குளத்துலதான்பா."

"சரி, சரி." நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. "இல்ல, அன்னிக்கு எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லல்ல. கட்டுன வேட்டியோடதான வீட்டுக்கு வந்தேன். எங்கயாவது நானே வச்சிருந்து, நீ எடுத்து, நான் மனசு நோவக்கூடாதுன்னு..."

"அப்பா!"

"நான் வைச்சனா இல்லயான்னு மட்டும் சொல்லுடா. கோவிச்சுக்க மாட்டேன்."

"நீங்க வைக்கலப்பா. நான் கைய விட்டு எடுத்தேன். முழங்கை வரைக்கும் சேத்துக்குள்ள விட்டு எடுத்தேன்."

"சரி, சரி" என்றார் அண்ணன். அந்தச் 'சரி, சரி' எனக்குத் தெரியும். பதினோரு வருஷமாக அவரிடம் நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான். நான் குழாயைக் கொஞ்சம் வேகமாகத் திறந்துவிட்டேன்.

புதுக்கோயில் திறப்பு விழா நன்றாகவே நடந்தது. வெள்ளி முகத்தைத் தேய்த்துப் பளபளவென்று கருவறையில் வைத்திருந்தார்கள். அதை ஏற்றுக்கொள்வதில் யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. பூஜை முடிந்ததும் கந்தசாமி மைக்கைப் பிடித்தார்.

"மனுஷன்னா தப்பு செய்யறது சகஜம். எடுத்தத திரும்பக் கொண்டாந்து ஒப்படைக்கவும் ஒரு மனசு வேணும். அம்மா மன்னிச்சிட்டா, நாமும் மன்னிச்சிட்டோம். நல்லமுத்து அண்ணன் மேடைக்கு வரணும். பொன்னாடை போத்தறோம்."

எனக்கு முன்வரிசையில்தான் அப்பாவும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். குகன் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"போவாதீங்கப்பா. போனா ஒத்துக்கிட்ட மாரி."

அண்ணன் மேடையைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். மகனைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கெஞ்சல் இருந்தது. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு எழுந்து போனார். தலை குனிந்து பொன்னாடையை வாங்கிக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எல்லாரும் தட்டும்போது கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது.

இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் அண்ணன் கோயிலுக்கு வருகிறார். முன்வாசல் வழியாகத்தான். பூசாரி நகர்ந்து நிற்பதில்லை, தோளில் கை போட்டுப் பேசுகிறார். எல்லாரும் அவருக்கு இடம் விடுகிறோம். ஒப்புக்கொண்ட மனுஷன் என்று ஒரு மரியாதை வந்துவிட்டது. அவரும் முன்பைவிட இரண்டு சுற்று பருத்திருக்கிறார்.

குகன் அவரை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வெளியே கேட் பக்கத்திலேயே நிற்பான். உள்ளே வருவதில்லை. மூழ்கப் போவதும் இல்லை. கறுப்புச் சட்டையை ரியாஸிடம் கொடுத்துவிட்டானாம். "நான் சொல்லிக் குடுத்ததுலயே அவன்தான் பெஸ்ட் ஆன்டி, அவன் காலுக்குக் கீழ தூசு எழும்பாது" என்று பாச்சாங் கடைப் பக்கம் கண்டபோது ரியாஸ் சொன்னான். அப்படியென்றால் கோர்ஸ் லாபமா, நஷ்டமா என்று கேட்டேன். அவன் வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டான்.

போன வெள்ளிக்கிழமை பொங்கலை இலையில் மடித்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். குகன் மோட்டாரில் சாய்ந்து நின்றான்.

"உள்ள வரலயா? அப்பா வரிசையில மொத ஆளா நிக்கறாரு."

"பாத்தேன்."

"இந்தா, சாப்புடு."

"வேணாம் அத்தே."

நான் நீட்டிய கையை மடக்கவில்லை. அவன் வாங்கவில்லை. கொஞ்சம் பொறுத்துக் கேட்டான்:

"அன்னிக்கு ஏன் அத்தே அதக் கேட்டீங்க?"

"எத?"

"சேறு ஒட்டலயேன்னு."

"சும்மாதான்பா கேட்டேன்."

அவன் தலையாட்டினான். மூச்சை இழுத்து, இரண்டு விநாடி அப்படியே வைத்திருந்து, மெதுவாக விட்டான். உள்ளே மணி அடித்தது. இலையோடு நான் உள்ளே போனேன். வரிசையில் அண்ணன் எனக்குப் பக்கத்தில் இடம் விட்டார்.

"பையன் ஏன் அங்கயே நிக்கறான்?" என்றேன்.

"என்னமோ தெரியல, வேணி" என்றார். "அம்மாவே மன்னிச்சிட்டா. அவனுக்குத்தான் மனசு வரல."